புதுப்பிப்பு: ரெய்டு 5 தொகுப்பிலிருந்து விலகிக்கொண்டிருந்த வட்டு

வீட்டுக் கணினியில் லினக்ஸின் எம்டிஏடிஎம் (mdadm) என்ற மென்பொருள் கொண்டு அமைத்த ரெய்டு 5 தொகுப்பிலிருந்து (ஒரு வட்டு பழுதானாலும் தரவு போகாதபடி பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறை) ஒரு வன்வட்டு அடிக்கடி கழன்றுகொள்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பழுது வட்டில் இல்லை, அதைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளில்தான். வட்டு தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில், கெட்டுப்போன அல்லது சந்தேகத்துக்குரிய செக்டர்களை (வட்டின் சிறு சேமிப்புப் பகுதிகளை) காட்டும் 5, 197 ஆகிய எண்களுள்ள அளவீடுகள் இரண்டும் சுழியாகவே இருக்க, தரவுப் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் 199ஆம் அளவீடு மட்டும் ஏறிக்கொண்டே போனதால், பலர் சொன்னபடி புது வட்டு வாங்குவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்த்தேன். கழற்றிய கேபிளின் கொக்கி ஒடிந்திருந்தது. விரல் பட்டாலே முனை ஆடியது.

எந்தப் பகுதிகளில் மாற்றம் எழுதப்பட்டது என்பதைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்ததால், வட்டை மீண்டும் சேர்த்தபோது விடுபட்ட பகுதிகள் மட்டுமே ஒத்திசைக்கப்பட்டு வேலை விரைவில் முடிந்தது. பிறகு நடத்திய முழுச் சரிபார்ப்பிலும் முரண் எதுவும் தென்படவில்லை. கேபிளை மாற்றினாலும் 199இன் பழைய எண்ணிக்கை குறையாது. அது மேலும் ஏறாமல் இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.