உரை மேடையில் மம்மியின் முகம் வேண்டுமா?

மேகலா:
போன சனிக்கிழமை பண்டைய எகிப்து வரலாறு பற்றிய ஒரு பொது உரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் திரையில் மம்மிகளின் முகங்கள்தான். காய்ந்த உதடு, திறந்த வாய். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் சிரிப்பு. செத்துப்போன ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

இது பழைய பழக்கம். 1834 ஜனவரியில் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் தாமஸ் பெட்டிக்ரூ என்ற மருத்துவர் ஒரு மம்மியின் துணிச்சுற்றை அவிழ்த்துக் காட்டினார். கூட்ட நெரிசலில் கேன்டர்பரி பேராயருக்கே இடம் கிடைக்கவில்லை. 1850இல் பாஸ்டனில் எகிப்து பற்றி உரையாற்றிவந்த ஜார்ஜ் கிளிடன், ஒரு பூசாரியின் மகளுடைய மம்மியை அவிழ்க்கப் போவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்தார். அவிழ்த்துப் பார்த்தால் ஆண் உடல்! அந்த மேடைகளின் வாரிசாகவே நம் உரைகள் இருக்க வேண்டுமா? பொது உரையில் மம்மியின் முகத்தைக் காட்டவே கூடாது என்பது என் கருத்து.

பெரியகுளத்தான்:
மேகலா அக்கா, சிரித்தது தப்புதான். அதற்காகப் படத்தையே எடுத்துவிடச் சொல்வதை ஏற்க முடியவில்லை. பத்து வயதில் கல்கத்தா அருங்காட்சியகத்தில் மம்மியைப் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எகிப்தைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

அவிழ்த்தவர்கள் எல்லாரும் வித்தைக்காரர்களும் இல்லை. 1908இல் மான்செஸ்டரில் எகிப்தியல் ஆய்வாளர் மார்கரெட் மர்ரி ‘இரு சகோதரர்கள்’ என்று சொல்லப்படும் மம்மிகளில் ஒன்றைச் சுமார் 500 பேர் முன்னிலையில் அவிழ்த்தார். உடற்கூறு, வேதியியல், துணி என்று பல துறையினரைச் சேர்த்துக்கொண்டு செய்த ஆய்வு அது. 2018இல் மரபணுச் சோதனையில் இருவரும் ஒரே தாயின் பிள்ளைகள் என்றும், தந்தை பெரும்பாலும் வேறு வேறு என்றும் தெரிந்தது. எகிப்து அரசர் இரண்டாம் ராம்செஸின் மம்மியின் மூக்கில் நம் தென்னிந்தியாவில் விளையும் மிளகு இருந்ததும் உடலை ஆராய்ந்ததால் தெரிந்ததுதானே? நம் ஊர்க் கூட்டத்தில் அதைச் சொன்னால் அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

ஷாகிரா:
ஆராய்வதும் காட்டுவதும் ஒன்றா சார்? மிளகைப் பற்றிச் சொல்ல ராம்செஸின் முகம் எதற்கு? எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்தில் ஏழரைக் கிலோ மிளகு இந்தியாவில் செய்த ஒரு சாடியிலேயே கிடைத்திருக்கிறது. அதே கரையில் இன்னொரு பழைய துறைமுகமான குசைர் அல்-காதிமில் ‘பானை ஒறி’ (பானை உறி) என்று தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த ஓடு கிடைத்தது. அந்தப் படங்களைக் காட்டலாமே. (இவை ரோமானியர் காலத்தவை. ராம்செஸ் இறந்து ஆயிரம் ஆண்டுக்கும் மேல் ஆன பிறகு வந்தவை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் பேச்சாளர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.)

மர்ரியின் நிகழ்ச்சியில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்று உண்டு. பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு மம்மியின் துணியில் ஒரு துண்டு நினைவுப்பொருளாகத் தருவதாகச் சொன்னார்கள். ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனாலும் சவத்துணியைப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

மேகலா:
ஷாகிரா சொன்ன துணியிலிருந்தே தொடர்கிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு இருக்கிறது. அரசர்களின் கல்லறைகளை வெட்டிய டெய்ர் எல்-மதீனா ஊர்த் தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு அது. இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நாற்பது பேரின் பெயர், வராத நாள், வராத காரணம். ஒருவரைத் தேள் கொட்டியிருக்கிறது. ஒருவர் பீர் காய்ச்சப் போயிருக்கிறார். இன்னொருவர் தன் தாயின் உடலுக்குத் துணி சுற்ற லீவு எடுத்திருக்கிறார்.

தாய்க்குத் துணி சுற்ற மகன் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறான். அந்தத் துணியை அவிழ்ப்பதைத்தான் பெட்டிக்ரூவின் கூட்டம் முண்டியடித்துப் பார்த்தது. இதைப் படித்த பிறகு என்னால் அந்த முகங்களை வெறும் படங்களாகப் பார்க்க முடியவில்லை.

அதே ஊர்த் தொழிலாளர்கள் மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆண்டில் கூலித் தானியம் வரவில்லை என்று வேலையை நிறுத்திவிட்டுக் கோயிலருகே போய் உட்கார்ந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன என்று அவர்கள் சொன்னது பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் பதிவாகி, இன்று இத்தாலியின் டூரினில் இருக்கிறது. போன சனிக்கிழமை உரையில் இது ஒரு வரிகூட வரவில்லை.

பெரியகுளத்தான்:
அந்தச் சில்லு விஷயம் நிஜமாகவே மனதைத் தொட்டது அக்கா. ஆனால் வேலைநிறுத்தம் பற்றி உரை என்று சுவரொட்டி ஒட்டினால் எத்தனை பேர் வருவார்கள்? கூட்டம் இல்லாமல் அகழாய்வுக்குப் பணம் ஏது? ஆங்கில எழுத்தாளர் அமீலியா எட்வர்ட்ஸ் 1889-90இல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் உரையாற்றித்தான் எகிப்து அகழாய்வு நிதி என்ற அமைப்புக்கு ஆதரவு திரட்டினார். நடுவில் கை முறிந்தது, அப்படியும் நிறுத்தவில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்தில்தான் லண்டனில் தொல்லியலாளர் பெட்ரிக்குப் பேராசிரியர் பதவி உருவானது. எகிப்தியர்களே 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகளைக் கெய்ரோ வீதிகளில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்களே!

ஷாகிரா:
எட்வர்ட்ஸ் மேடையில் யாரையும் அவிழ்க்கவில்லை சார். ஓவியம், சிற்பம், எழுத்து, எகிப்தியப் பெண்களின் நிலை என்றுதான் பேசினார். அதற்கும் அரங்கம் நிறைந்தது. நீங்கள் கொடுத்த உதாரணமே மேகலா அக்கா பக்கம்தான் பேசுகிறது. 2021 ஊர்வலத்தில் முகங்கள் தெரியவில்லை, மூடிய பேழைகளில்தான் போனார்கள். ஊர்வலம் முடிந்து சேர்ந்த அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், உண்மைதான். அது அவர்கள் நாடு, அவர்கள் முன்னோர், அவர்கள் முடிவு.

பெரியகுளத்தான்:
சரி, எட்வர்ட்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் ஒன்று. அந்த மனிதர்கள் மறைந்துபோக விரும்பியவர்கள் இல்லை. கல்லறைச் சுவரிலேயே எழுதி வைத்தார்கள்: இவ்வழியே போகிறவர்களே, ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என் பெயருக்குப் படையல் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்று. நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

மேகலா:
கூப்பிட்டார்கள் தம்பி, எங்கே கூப்பிட்டார்கள் என்று பாருங்கள். அந்த வரிகள் இருப்பது ஆள் வந்துபோகும் மேல்மண்டபத்தில். உடல் கிடப்பது கீழே, கிணறுபோல் இறங்கும் குழியின் அடியில். அந்தக் குழியைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார்கள். பெயரைச் சொல்லச் சொன்னவர்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. நம் உரைகளில் நடப்பது தலைகீழ். முகம் திரை முழுக்க, பெயரைக் காணோம். நீங்கள் சொன்ன இரு சகோதரர்களுக்கும் சவப்பெட்டியிலேயே பெயர் எழுதியிருக்கிறது, நக்த்-ஆங்க், க்னும்-நக்த் என்று.

பெரியகுளத்தான்:
மேல்மண்டபம், கீழ்க்குழி என்று நான் பிரித்து யோசித்ததே இல்லை. அடுத்த மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் நான் பேச வேண்டியிருக்கிறது. முதல் படமாக அந்த வருகைப் பதிவேட்டை வைக்கிறேன், நாற்பது பேரில் பத்துப் பேரின் பெயரையாவது வாசிக்கிறேன். ராம்செஸின் முகத்தை மட்டும் கடைசியில் ஒரே ஒரு முறை காட்டத்தான் போகிறேன். என்னை இதற்குள் இழுத்த முகத்தை வருகிற பிள்ளைகளுக்கு மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

மேகலா:
அந்த ஒரு படத்திலும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நானும் மகளும் வருகிறோம். அந்தப் படம் வரப்போகிறது என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாங்கள் எழுந்து வெளியே நிற்கிறோம்.