பேடன்ட் லிங்க் அனுப்பி மாமாகிட்ட திட்டு வாங்குன கதை

பேடன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) தேடி எடுத்து வச்ச லிங்க் அப்புறம் தொறக்காம செத்துப்போச்சுன்னு ஒரு அண்ணா இங்க புலம்பியிருந்தார், எனக்கும் அதே கூத்துதான். கோத்தகிரி பக்கம் எங்க மாமா கற்பூர மர இலையில தைலம் காய்ச்சுறவர், ஆவியைக் குளிர வைக்கிற குழாய்ல புதுசா ஏதோ ஒரு வளைவு போட்டுட்டு, இதை வேற யாராச்சும் பேடன்ட் எடுத்துட்டாங்களா பாரு மாப்ளன்னார். ராத்திரி பூரா தேடி ஒம்பது லிங்க் பிரின்ட் போட்டு குடுத்தேன், ஒவ்வொண்ணும் ரெண்டரை வரி நீளம், மனுஷன் அதை மடிச்சு சட்டைப்பையில வச்சுகிட்டு ஸ்வெட்டரைக்கூட கழட்டாம முதல் பஸ்ல கோயமுத்தூர் வக்கீல்கிட்ட போயிட்டார். பதினோரு மணிக்கு போன். "ஏன் மாப்ள, எதைத் தட்டுனாலும் செஷன் முடிஞ்சுதுங்குது!" குமாஸ்தா பாவம், எழுத்தெழுத்தா தட்டியிருக்கார்.

நான் காப்பி பண்ணது அந்த நேரத்து தேடலோட அட்ரஸ், பேடன்ட்டோட அட்ரஸ் இல்ல. இப்ப நம்பரை வச்சு நானே லிங்க் கட்டிடுறேன். கூகுள் பேடன்ட்ஸ் அட்ரஸ் அடிச்சு, சாய்கோடு போட்டு பேடன்ட்னு இங்கிலீஷ்ல, இன்னொரு சாய்கோடு, அப்புறம் நாட்டு எழுத்தும் நம்பரும், அவ்ளோதான். மஞ்சளுக்கு அமெரிக்காவுல 1995ல குடுத்து நம்ம அரசு ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் மல்லுக்கட்டி 1997ல ரத்து பண்ண வச்சாங்களே, அது யுஎஸ்5401504ஏ. கடைசி எழுத்தை விட்டுடாதீங்க. 2001க்கு முன்னாடி கிராண்ட் ஆன (அதாவது உரிமை குடுத்தாச்சுங்கிற) அமெரிக்க பேடன்ட்னா ஏ, அப்புறம் வந்ததுக்கு பி1 இல்ல பி2. ஏ1 போட்டிருந்தா அது விண்ணப்பம், கிராண்ட் ஆன பேடன்ட் இல்ல, ஆனா அதை ஒதுக்கிடாதீங்க, நம்ம ஐடியா அதுல முன்னாடியே இருந்தாலும் புதுசுன்னு சொல்ல முடியாது.

— கொடைக்கானல்ல இருந்து வேற ஒருத்தன் பதில் போடுறேன். அந்த ஏ1 விண்ணப்ப நம்பர்ல இன்னொரு வம்பு இருக்குங்க. அமெரிக்க விண்ணப்பத்துக்கு கூகுள்ல வருஷத்துக்கப்புறம் ஏழு இலக்கம், ஐரோப்பிய பேடன்ட் ஆபீஸோட தேடல் தளமான எஸ்பாஸ்நெட்ல முன்னாடி நிக்கிற பூஜ்யத்தை எடுத்துட்டு ஆறுதான். எஸ்பாஸ்நெட்ல காப்பி பண்ணி கூகுள்ல ஒட்டுனேன், ஒண்ணும் வரல, அரை நாள் போச்சு. நம்ம மாமா கதை என்னாச்சு?

— அட ஆமா, பூஜ்யம்! மாமாவுக்கு ரெண்டாவது தடவை இப்படி நம்பர் வச்சு கட்டுன லிங்க்தான் குடுத்தேன், ஒரே பக்கத்துல ஒம்பதே வரி, எல்லாம் தொறந்துச்சு. நாலாவது லிங்க்ல இருந்த படம் அப்படியே அவர் குழாய் மாதிரியே இருந்துச்சாம். அதுக்கும் என்னைத்தான் திட்டுனார்.