ஒட்டுப்பொறியில் ஒன்றும் சிக்கவில்லை, சுவடிக் கட்டின் கீழே மட்டும் தூள்: என்ன செய்வது?

சுவடி அறை (கேள்வி):
தரைத்தளத்தில் ஒரே கூடம், ஆறு மர அலமாரிகள். ஏறத்தாழ 300 ஓலைச்சுவடிக் கட்டுகளும் பழைய அச்சு நூல்களும் இருக்கின்றன. மூன்று மாதமாக 12 ஒட்டுப்பொறிகளை அலமாரிகளின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். சிக்கியவை எறும்பு, இரண்டு சிலந்தி, ஒரு கரப்பான் குஞ்சு, அவ்வளவுதான். ஆனால் நான்காம் அலமாரியில் ஒரு கட்டின் கீழே வெளிர்பழுப்புத் தூள். துடைத்தால் இரண்டு நாளில் மறுபடி விழுகிறது. நாஃப்தலின் உருண்டையும் போட்டாயிற்று. இது கரையானா?

ஏடுகாப்பு (பதில்):
கரையான் இல்லை ஐயா. கரையான் என்றால் பெரும்பாலும் சுவரிலோ அலமாரிக் காலிலோ மண்கோடு ஏறியிருக்கும். நீங்கள் சொல்வது துளைக்கும் வண்டின் வேலை. நம் நாட்டு ஏடுகளில் பெரும்பாலும் காஸ்ட்ராலஸ் இண்டிகஸ் என்ற சிறு பழுப்பு வண்டுதான் இதைச் செய்யும். இதன் புழு ஓலைக்குள்ளேயே தின்று வளரும். வண்டான பிறகுதான் வட்டத் துளை போட்டு வெளியே வரும். உள்ளே இருக்கும் புழுவைப் பொறி எப்படிப் பிடிக்கும்? பொறி காலியாக இருக்கிறது என்று நிம்மதி அடையவே கூடாது.

இராமபாணம் என்ற பெயரை இந்த வண்டுக்கும் சொல்கிறார்கள், வெள்ளிப்பூச்சிக்கும் சொல்கிறார்கள். அதனால் குழப்பம் வருகிறது. வெள்ளிப்பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டும், வண்டைப் போல வட்டத் துளை போடாது.

தூள் விழுவதாலேயே உயிருள்ள பூச்சி இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். பழைய துளைகளில் தங்கிய தூள், சுவடிக் கட்டை எடுத்து வைக்கும் அதிர்விலேயே கொட்டும். முதலில் கட்டை ஜிப் பையில் போட்டுத் தனி அறைக்கு மாற்றுங்கள். மென்தூரிகையால் தூளை முழுக்க நீக்கிவிட்டு, மெல்லிய டிஷ்யூ தாளால் இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். அடியில் கறுப்புத் தாள், அதில் தேதி. பிறகு தொடாதீர்கள். டிஷ்யூவில் புதுத் துளை விழுந்தால் வண்டு வெளியேறியிருக்கிறது என்று பொருள். அதைவிட உறுதியான சாட்சி கிடையாது. அண்டைக் கட்டுகளையும், நாராசத்தின் (ஓலைகளைக் கோக்கும் கம்பி) இரு பக்கச் சட்டங்களையும் பாருங்கள். மரச் சட்டத்திலும் துளை இருக்கலாம்.

பொறிப் பதிவேடு (இன்னொருவர் பதில்):
பொறிகள் இடம் மாற வேண்டும். பூச்சி சுவரோரமாக ஊர்ந்துதான் போகும். மேல்தட்டுக்கு வருவது குறைவு. தரையில், நீளப்பக்கம் சுவரை ஒட்டியபடி, வாசலின் இருபுறமும், சன்னல் கீழும், தண்ணீர்க் குழாய் நுழையும் மூலையிலும், ஒவ்வோர் அலமாரி அடியிலும் வையுங்கள். எண் எழுதி, அறையின் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் இடத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் இந்த மாத எண்ணிக்கையைப் போன மாதத்தோடு ஒப்பிட முடியாது.

சிலந்தியை அலட்சியப்படுத்த வேண்டாம், அது தின்ன ஏதோ இருப்பதால்தான் அங்கே இருக்கிறது. புத்தகப் பேன் (ஈரத்தில் பெருகும் நுண்பூச்சி) சிக்கினால் ஈரப்பதமானியைப் பாருங்கள், 60 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். பசையில் தூசி படிந்தால் உடனே புதுப் பொறி. செத்த பூச்சிகளோடு விட்டுவைத்தால் அதைத் தின்னவே தோல்வண்டின் புழு வந்து சேரும்.

சிகரெட் வண்டு என்ற வேறோர் இனத்துக்கு விற்கும் இனக்கவர்ச்சிப் பொறி உங்களுக்கு உதவாது. அந்த மணம் அந்த இனத்து ஆண் வண்டுக்கு மட்டும்.

சுவடி அறை:
17 நாள் ஆயிற்று. டிஷ்யூவில் இரண்டு புதுத் துளைகள். ஃப்ரீசரில் வைக்கலாமா? மருந்துப் புகை போடச் சொல்கிறார்கள்.

ஏடுகாப்பு:
ஒரே கட்டுக்கு அறை முழுக்கப் புகை தேவையில்லை. அச்சு நூல் என்றால் பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி எடுத்து முத்திரையிட்டு, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். அடிக்கடி திறக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் வேண்டாம்; மெல்லக் குளிர்ந்தால் புழு பழகிப் பிழைத்துவிடும். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள், இல்லையேல் ஏட்டின் மேலேயே நீர் கோக்கும்.

சுவடிக்கு, அதுவும் வண்ணம் பூசிய சட்டம் இருந்தால், ஆக்சிஜனை நீக்குவதே என் தேர்வு. அலுமினியம் படலம் கொண்ட தடுப்புப் பை வாங்குங்கள். சாதாரணப் பாலித்தீன் வழியே காற்று உள்ளே வந்துவிடும். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லி ஆக்சிஜன். பையில் 10 லிட்டர் காற்று என்றால் 2,100 மில்லி. அதைப் போல இரு மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சும் அளவுக்குப் பொட்டலங்கள் போடுங்கள். அவை சூடாகும், ஓலையில் படாமல் அட்டைக்கு அப்பால் வையுங்கள். ஆக்சிஜன் காட்டும் வில்லை ஒன்றையும் உள்ளே போடுங்கள். இளஞ்சிவப்பாக மாறிய நாளிலிருந்து 25 டிகிரிக்குக் குறையாத அறையில் மூன்று வாரம். நடுவில் நீலமானால் பை கசிகிறது, முதலிலிருந்து எண்ண வேண்டும்.

பொறிப் பதிவேடு:
சிகிச்சை முடிந்ததும் புது டிஷ்யூ சுற்றி, தேதியிட்டு, தனி அறையிலேயே வையுங்கள். நான்காம் அலமாரியின் மற்றக் கட்டுகளுக்கும் இதே டிஷ்யூ சோதனை. அந்த மரத்தட்டை உருவி அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நாஃப்தலினை எடுத்துவிடுங்கள், உள்ளிருக்கும் புழுவை அது தொடுவதில்லை, அங்கே வேலை செய்பவர்கள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள்.