பழைய வீடு: இன்டாக்கைக் கூப்பிட்டா வம்பா?

தாத்தாவீடு:
புதுச்சேரி ஈஸ்வரன் கோயில் தெருப் பக்கம் எங்க வீடு. தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், மேலே தேக்குக் கட்டைங்க மேல செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்ட மெட்ராஸ் டெரஸ். ஒழுகுதுன்னு அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு மேஸ்திரி மாடியிலும் சுவரிலும் சிமென்ட் பூசினார். இப்போ கூடத்துச் சுவர் பூரா உப்பு பூத்து, விரல் பட்டாலே மாவா கொட்டுது. ஒரு தேக்குக் கட்டையோட நுனி சுவருக்குள்ளேயே இத்துப்போச்சு. இடிச்சிட்டு ஃபிளாட் கட்டலாம்ங்கிறான் தம்பி. பழைய கட்டடங்களைக் காப்பாத்தப் பாடுபடுற இன்டாக்கைக் கேக்கலாம்னா, "அப்புறம் ஆணி அடிக்கக்கூட அவங்களைக் கேக்கணும்"ங்கிறான். நிஜமா?

வைசியாள்வீதி:
இன்டாக் அரசாங்கம் இல்லைங்க, 1984ல ஆரம்பிச்ச சங்கம். ஆலோசனை சொல்லும், மிஞ்சினா கோர்ட்டுக்குப் போகும். அனுமதி விவகாரம் பிளானிங் அதாரிட்டியோடது, அங்கே தனியா விசாரிச்சுக்குங்க.

எங்க தெருவுல 2002 வாக்கில் ஐரோப்பிய ஒன்றியப் பணத்துல ஆசியா அர்ப்ஸ் திட்டம் வந்துச்சு. முகப்பைச் சீர் பண்ண பாதிச் செலவு அவங்க, பாதி நாங்க. அப்பா சரின்னு சொல்லவே ஒரு மாசம் ஆச்சு. பணத்தைவிட, காரை அரைக்கத் தெரிஞ்ச ஆள் கிடைச்சதுதான் பெருசு. கொல்லையில தொட்டி கட்டிச் சுண்ணாம்பை ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி விட்டு அரைச்சாங்க. ஒரு வாரம் வீடு பூரா எறும்பு!

உங்க சுவருக்கு வியாதியே அந்த சிமென்ட்தான். ஈரம் வெளியேற வழியில்லாம உள்ளேயே நின்னு உப்பைத் தள்ளுது. அதைக் கொத்தி எடுங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கட்டைக்கு முட்டுக் குடுங்க, இன்னைக்கே.

கடற்கரைசாலை:
சங்கம் சொன்னா யார் கேக்குறாங்க? பிரெஞ்சுக்காரங்க காலத்து டவுன் ஹாலான மேரி கட்டடத்தைச் சரி பண்ணுங்கன்னு கத்திக்கிட்டே இருந்தாங்க. 2014 நவம்பர் மழையில சரிஞ்சு விழுந்துச்சு. இப்போ நிக்கிறது நகல்.

வைசியாள்வீதி:
கேட்ட கதையும் உண்டு. சென்னை மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006ல இடிக்கவே ஆரம்பிச்சாச்சு. இன்டாக் வழக்குப் போட்டு, 2010ல ஹைகோர்ட் இடிக்கக் கூடாதுன்னுடுச்சு. ஆனா அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா பாழடைஞ்சுதான் கிடந்துச்சு, அதையும் சொல்லணும்.

தாத்தாவீடு:
முட்டுக் குடுத்தாச்சு. நேத்து தம்பியும் நானும் ஒரு சாண் அளவுக்கு சிமென்ட்டைக் கொத்திப் பார்த்தோம். உள்ளே செங்கல் சின்னதா, பிஸ்கட் பாக்கெட் கனம்தான். தொட்டா சில்லுனு ஈரம். தம்பி ஒரு கல்லை உருவித் துடைச்சு, பைக் பெட்டியில போட்டுக்கிட்டான். ஏன்னு நான் கேக்கல.