நான் லீவு போட்ட நான்கு நாள்

எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியரையும் சேர்த்து ஆறு பேர். 2018 ஜூனில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் பாடப்புத்தகம் வந்தது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிய மூத்த டீச்சர், “தம்பி, இது என்ன, பிஸ்கட் பாக்கெட்ல இருக்கிற மாதிரி கட்டம் கட்டமா?” என்றார். க்யூஆர் கோடு. திக்ஷா என்ற அரசின் கல்விச் செயலியில் அதை ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். இருந்தவர்களில் சின்னவன் நான். அந்தச் செயலி இறங்குகிற அளவுக்கு இடம் இருந்த போனும் என்னுடையதுதான். வேலை என் தலையில் விழுந்தது.

வகுப்பறைக்குள் சிக்னல் கிடையாது. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு கோடு வரும், போகும். அதனால் வீட்டிலேயே வீடியோவை இறக்கிக்கொண்டு போவேன். 31 பிள்ளைகளுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. பின்னால் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கவில்லை என்று சத்துணவு அக்காவிடம் எவர்சில்வர் சொம்பு வாங்கி அதற்குள் போனை இறக்கினேன். சத்தம் கணீரென்று வந்தது, படம் சொம்புக்குள் போய்விட்டது. சரி, இன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

அப்புறம் எமிஸ், பள்ளி விவரங்களை ஏற்றுகிற கல்வித்துறையின் இணையதளம். வருகைப் பதிவும் போனுக்கு வந்ததும் எல்லோரும் அவரவர் போனை என் மேசையில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். “நீயே போட்டுடு தம்பி, உனக்கு ரெண்டு நிமிஷம்.” ஐந்து பேரின் பாஸ்வேர்டும் என் டைரியின் கடைசிப் பக்கத்தில். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அப்பாவை மருத்துவமனையில் சேர்த்து நான்கு நாள் லீவு போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பள்ளியின் வருகைப் பதிவு ஏறவில்லை, மேலிடத்திலிருந்து போன் மேல் போன். நான் வார்டு வாசலில் நின்றுகொண்டு ஹெச்.எம். சாருக்கு வழி சொல்கிறேன். ஓடிபி அவர் போனுக்கு வரும். கண்ணாடியைத் தேடி எடுத்து அவர் வாசிப்பதற்குள் காலாவதியாகிவிடும். மூன்று முறை இப்படி. இரண்டு வருடமாக நான் யாருக்கும் எதையும் கற்றுத்தரவில்லை, எல்லோரையும் என்னை நம்பி உட்காரவைத்திருக்கிறேன் என்று அந்த வராந்தாவில்தான் உறைத்தது.

திரும்பி வந்ததும் டைரிப் பக்கத்தைக் கிழித்து அவரவர் பாஸ்வேர்டை அவரவர் கையில் கொடுத்தேன். மாலை மணி அடித்தபின் அரை மணி நேரம், பக்கத்தில் உட்காருவேன், போனைத் தொடமாட்டேன். கை துறுதுறுக்கும், பின்னால் கட்டிக்கொள்வேன். மூத்த டீச்சர் எவ்வளவு அழுத்தினாலும் திரை கேட்கவில்லை. “என்னைக் கண்டா அதுக்குப் பிடிக்கல தம்பி” என்று எழுந்தே விட்டார். பார்த்தால் விரலெல்லாம் சாக்பீஸ் தூள். முப்பது வருடச் சாக்பீஸில் தோலே காய்ந்துபோயிருந்தது. கைக்குட்டையை நனைத்து விரலைத் துடைத்துக்கொண்டார், உடனே வேலை செய்தது.

2020-இல் பள்ளி மூடியபோது நான் வாட்ஸ்அப் குழு தொடங்கி வீடியோவாக அனுப்பித் தள்ளினேன். பாதி வீட்டில் பட்டன் போன். மீதி வீட்டில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரிதான் வரும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, ஆனால் சந்தேகம் கேட்கமுடியாதே. அப்போது மூத்த டீச்சர் கான்ஃபரன்ஸ் கால் போட்டார். ஐந்து ஐந்து பிள்ளையாக, ராத்திரி ஏழரைக்கு, செய்யுளை ராகத்தோடு பாடி, ஒவ்வொருவரையும் திருப்பிப் பாடவைத்து. அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. மற்ற மூவருக்கும் அந்தக் காலில் பிள்ளைகளின் போன் எண்களைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

*

உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை:

சொம்பு விஷயத்தில் சிரித்துவிட்டேன் சார், மன்னிக்கவும். எங்கள் கதை வேறு. ஹைடெக் லேப் வந்தது, கம்ப்யூட்டர் அறைதான். சாவி அலுவலக அறையில். ஏதாவது உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் ஆன்லைன் தேர்வு தவிர மற்ற நாளெல்லாம் பூட்டு. பத்தாம் வகுப்பு அறிவியலின் கடைசிப் பாடம் காட்சித் தொடர்பு, அதில் ஸ்கிராட்ச் வருகிறது, திரையில் ஒரு பூனையை நடக்கவைத்து புரோகிராம் எழுதப் பழகுகிற மென்பொருள். நான் அதைக் கரும்பலகையில் நடத்தினேன்! பிள்ளைகள் அந்தப் பூனையை நோட்டில் வரைந்து ஆரஞ்சு கலர் அடித்தார்கள். ஒரு பையன் மட்டும், “மிஸ், இது நடக்கும்னு போட்டிருக்கே, எங்க நடக்குது?” என்றான். அன்றைக்குச் சாவியைக் கேட்டு வாங்கினேன். உடைந்தால் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துத்தான். பொறுப்பு ஏற்பது பெரிய வீரமெல்லாம் இல்லை, அரைப் பக்கக் கடிதம். ஆனால் அதுவரை யாரும் எழுதவில்லை, நானும்தான். இதுவரை உடைந்தது ஒரு மவுஸ்.

*

புதிதாகச் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்:

சார், கையைக் கட்டிக்கொண்டு உட்கார எங்கே நேரம்? எங்கள் பள்ளியில் நானும் ஹெச்.எம்.மும் மட்டும்தான். ஐந்து வகுப்பு. அவர் போனை நீட்டினால் நான் போட்டுக்கொடுத்து விடுகிறேன். அதுதான் சீக்கிரம் முடிகிறது.

*

முதலில் எழுதியவர்:

சீக்கிரம் முடிவது உண்மைதான் தம்பி, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஈராசிரியர் பள்ளியின் கஷ்டம் எனக்குத் தெரியாது, அறிவுரை சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் செய்து பாருங்கள்: வாரத்தில் ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை வருகைப் பதிவை மட்டும் அவரையே போடச் சொல்லுங்கள். முதல் மாதம் கால் மணி நேரம் ஆகும். பக்கத்தில் ஒரு ஈரக் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.