பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை: டெஸ்ட் என்விரான்மென்ட் லாகின் அனுபவங்கள்

இரண்டு வாரமாக மனதில் கிடக்கிற ஒன்றை எழுதிவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். யாராவது ஒருவருக்கு ஒரு நாள் மிச்சமானாலும் போதும்.

எங்கள் கிளவுட் டெஸ்ட் என்விரான்மென்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வாடிக்கையாளர்கள் பயன்படுத்துகிற உண்மையான அமைப்பான புரொடக்‌ஷனிலிருந்து நகலெடுத்துப் புதுப்பிப்போம். இந்த முறை சனிக்கிழமை ராத்திரி ரெஃப்ரெஷ் முடிந்தது. திங்கள் காலை டெஸ்டர்கள் ஏழு பேர் உட்கார்ந்தோம், ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. "யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்ற ஒரே வரி. கை பழகிய வேகத்தில் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தோம். ஐந்தாவது தடவையில் ஏழு கணக்கும் பூட்டிக்கொண்டன.

நகலோடு புரொடக்‌ஷன் பாஸ்வேர்டுகளும் சேர்ந்து வந்திருந்தன. நாங்கள் அடித்தது பழைய டெஸ்ட் பாஸ்வேர்டு. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" இணைப்பை அழுத்தினால் மெயில் வரவேயில்லை. ஸ்பேம் ஃபோல்டர் வரை தேடினோம். மெயில் சர்வர் ஆள் ஒருவர் பாதி நாளை இதற்கே கொடுத்தார். கடைசியில் யூசர் டேபிளைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லா மெயில் முகவரிகளின் வாலிலும் 'இன்வாலிட்' என்று ஒட்டியிருந்தது. டெஸ்ட் பண்ணும்போது உண்மையான வாடிக்கையாளருக்குத் தவறுதலாக மெயில் போய்விடக் கூடாது என்பதற்காக ரெஃப்ரெஷ் ஸ்கிரிப்ட் செய்கிற நல்ல காரியம் அது. அந்தப் பெயரில் எந்த முகவரியும் உலகத்தில் இருக்காது என்று 1999-லேயே இணைய விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2606 ஒதுக்கி வைத்திருக்கிறது. வாடிக்கையாளரைக் காப்பாற்றிய அதே ஏற்பாடு எங்கள் மெயிலையும் விழுங்கிவிட்டது.

இதுவரை நடந்தது நேரம் வீணானது மட்டும். அடுத்து நடந்ததை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. மெயில் முகவரிகளைத் திருத்திய பிறகு, சிங்கிள் சைன் ஆன் (ஒரே லாகினில் பல அமைப்புகளுக்குள் போகும் வசதி) வழியாக உள்ளே போகிறவர்களுக்கு லாகின் வேலை செய்தது. எங்கள் டீமில் ஒருவர் உள்ளே போய், வழக்கம்போல ஒரு போலி ஆர்டரைப் போட்டார். பக்கத்தில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "அட்ரஸ் பார்ல டெஸ்ட்னு இல்லையே" என்றார். அந்த சிங்கிள் சைன் ஆனுக்கான சாம்ல் செட்டிங்ஸும் டேட்டாபேஸிலேயே ஒரு டேபிளில் இருந்திருக்கிறது. அதுவும் அப்படியே நகலாகி வந்ததால், லாகின் முடிந்ததும் திரும்பி வரவேண்டிய முகவரி இன்னும் புரொடக்‌ஷனையே காட்டிக்கொண்டிருந்தது. டெஸ்ட் வாசலில் மணி அடித்தோம், உண்மையான வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு திரைக்கும் ஒரே நிறம், ஒரே லோகோ. அந்த ஆர்டரை உடனே ரத்து செய்துவிட்டோம்.

உள்ளே போக முடியாத லாகினைவிட, தவறான இடத்துக்குள் போய்விடுகிற லாகின் பல மடங்கு ஆபத்து என்று அன்று புரிந்தது. இப்போது டெஸ்ட் என்விரான்மென்ட்டின் தலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை போட்டிருக்கிறோம். நகலில் எது கூட வருகிறது, எது வருவதில்லை என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

* * *

எங்க கதை வேற. டேட்டாபேஸ் நகல் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, பிரவுசர்தான் மாட்டிவிட்டுச்சு.

ஸ்டேஜிங்ல, அதாவது எங்க டெஸ்ட் என்விரான்மென்ட்ல, லாகின் பண்ணா உள்ள போற மாதிரி ஒரு நொடி காட்டும், உடனே திரும்ப லாகின் பக்கத்துக்கே வந்து நிக்கும். இன்காக்னிட்டோல மட்டும் சரியா வேலை செய்யும். டெவலப்பரைக் கேட்டா "கேஷ் கிளியர் பண்ணுங்க"ன்னு ஒரே பதில். கிளியர் பண்ணா சரியாயிடும், மத்தியானம் மறுபடி அதே. மூணு வாரம் இப்படியே ஓட்டினோம். இந்த பதில் மேல எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டுங்க. வலி போகும், நோய் அங்கேயே இருக்கும். யாரும் டிக்கெட் போட மாட்டாங்க.

ஒருநாள் பொறுமையா பிரவுசரோட நெட்வொர்க் டேபைத் திறந்து ஸ்டேஜிங்குக்குப் போற ரிக்வெஸ்ட்ல குக்கீ வரியைப் படிச்சேன். ஒரே பேர்ல ரெண்டு செஷன் குக்கீ (லாகின் ஆனவரை சர்வர் அடையாளம் காண பிரவுசர் அனுப்பற சீட்டு) போய்க்கிட்டிருந்துச்சு! புரொடக்‌ஷனும் ஸ்டேஜிங்கும் ஒரே தாய் டொமைனுக்குக் கீழ இருக்கு. புரொடக்‌ஷன் தன் குக்கீயை அந்தத் தாய் டொமைன் பேர்லயே பதிஞ்சு வைக்குது. அதனால பிரவுசர் அதை ஸ்டேஜிங்குக்கும் சேர்த்து அனுப்புது. நாங்க மத்தியானம் புரொடக்‌ஷன்ல ஏதாவது பார்க்கப் போவோம். அதுக்கப்புறம் ஸ்டேஜிங் சர்வர் ரெண்டுல முதல்ல இருக்கறதை எடுத்துப் பார்த்துட்டு, "இந்த செஷனை எனக்குத் தெரியாது"ன்னு வெளிய தள்ளிடும். அதான் மத்தியானக் கணக்கு.

போர்ட் நம்பரை மாத்தினா பிரிஞ்சுடும்னு ஒருத்தர் சொன்னார். பிரியாது, குக்கீ போர்ட்டைப் பார்க்கறதில்ல. ஸ்டேஜிங் குக்கீக்கு வேற பேர் வெச்சோம், புரொடக்‌ஷன் குக்கீ பெயருக்கு முன்னால 'ஹோஸ்ட்' முன்னொட்டைச் சேர்த்தோம். அந்த முன்னொட்டு இருந்தா டொமைன் குறிப்பிட பிரவுசர் அனுமதிக்காது, குக்கீ பிறந்த இடத்தை விட்டு நகராது. அன்னையிலிருந்து நிம்மதி.

* * *

மேலே எழுதியவருக்கு மத்தியானம் என்றால், எங்களுக்கு மூன்றில் ஒரு தடவை. இருபது முறை லாகின் செய்தால் ஆறேழு முறை தோல்வி, மற்றபடி சரி. நேரத்தோடோ ஆளோடோ பிரவுசரோடோ எந்தத் தொடர்பும் இல்லை. இந்த மாதிரி விட்டுவிட்டு வருகிற கோளாறுதான் ஆளைக் களைத்துப் போகச் செய்யும், ஏனென்றால் டெவலப்பர் வந்து பார்க்கும்போது வேலை செய்துவிடும்.

வருகிறவர்களைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் மூன்று சர்வர்கள் என்பது ஞாபகம் வந்த பிறகு, தோற்ற முயற்சிகள் எந்த சர்வருக்குப் போயின என்று சர்வர் பதிவுகளான லாகில் தேடினேன். அத்தனையும் ஒரே சர்வர். அதன் லாகில் தெளிவாகவே எழுதியிருந்தது: டோக்கன் இன்னும் செல்லுபடியாகும் நேரத்துக்கு வரவில்லை. அந்த சர்வரின் கடிகாரம் 40 நொடி பின்தங்கி இருந்தது. அடையாளச் சர்வர் (லாகினைச் சரிபார்த்து டோக்கன் என்ற அனுமதிச் சீட்டைத் தருவது) இப்போது கொடுத்த டோக்கன், இதன் கணக்கில் எதிர்காலத்தில் பிறக்கப்போகிற டோக்கன். நிராகரித்தது நியாயம்தான்.

ஏன் பின்தங்கியது? பாதுகாப்பு டீம் வெளியே போகும் போர்ட்டுகளை இறுக்கியபோது யூடிபி 123-ம் அடைபட்டுவிட்டது. நேரம் கேட்டு வாங்கும் என்டிபி அந்த வழியாகத்தான் போகும். மற்ற இரண்டு சர்வர்களும் அண்மையில் புதிதாக எழுப்பப்பட்டவை, அவற்றின் கடிகாரம் இன்னும் விலகத் தொடங்கவில்லை. நாலு வாரம் விட்டிருந்தால் அவையும் விலகியிருக்கும்.

டோக்கன் சரிபார்ப்பில் ஐந்து நிமிடம் சலுகை கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஜேடபிள்யூடி என்ற டோக்கன் வகைக்கான தரமான ஆர்எஃப்சி 7519-உம் கடிகார வித்தியாசத்துக்காகச் சிறிது சலுகை கொடுக்க அனுமதிக்கிறது, வழக்கமாகச் சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம் என்கிறது. நான் மறுத்தேன். 40 நொடியை மூடி மறைத்தால், அடுத்து அது ஐந்து நிமிடத்தைத் தாண்டும்போதுதான் கண்ணில் படும். கிளவுட்டுக்குள்ளேயே கிடைக்கிற நேர சர்வருக்கு மாற்றினோம், சலுகையை 30 நொடியில் நிறுத்தினோம், கடிகாரம் இரண்டு நொடி விலகினாலே அலாரம் அடிக்கும்படி வைத்தோம்.

* * *

ஆட்டோமேஷன் பக்கம் இருந்து இரண்டு.

பூட்டிய கணக்கைத் திறந்து விடுவோம், பத்து நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். யாரும் தொடவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள். லாகில் இருந்த ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவர் எழுதிய, தானாக ஓடும் ஜாப் ஒன்று, பழைய பாஸ்வேர்டோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. தோற்றால் ஐந்து முறை முயற்சி செய் என்று வேறு அதில் எழுதியிருந்தது.

இரண்டாவது இன்னும் நுணுக்கம். பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை டெஸ்ட்டில் மொத்தமாக அணைத்துவிடச் சொல்வார்கள். நாங்கள் அணைக்கவில்லை. ரகசியச் சாவியைப் பாதுகாப்பாக வைத்து, ஆறு இலக்கக் குறியீட்டை ஸ்கிரிப்டே உருவாக்கும்படி செய்தோம். தனியாக ஓட்டினால் அருமையாக ஓடும். எட்டு டெஸ்டுகளைச் சேர்த்து இணையாக ஓட்டினால் ஒன்று மட்டும் உள்ளே போகும், ஏழும் விழும். சாவி சரி, நேரம் சரி, குறியீடும் சரி. காரணம் இந்தக் குறியீடுகளுக்கான ஆர்எஃப்சி 6238-லேயே இருக்கிறது: ஒருமுறை ஏற்றுக்கொண்ட குறியீட்டை இரண்டாம் முறை ஏற்கக் கூடாது. 30 நொடிக்கு ஒரு குறியீடு, எட்டு பேரும் ஒரே கணக்கு, அதனால் எட்டு பேரிடமும் ஒரே எண். முதலில் போனவர் அதைச் செலவழித்துவிட்டார்.

ஒவ்வொரு இணை ஓட்டத்துக்கும் தனிக் கணக்கு கொடுத்தோம். ஆரம்பத்தில் ஒருமுறை லாகின் செய்து, அந்த செஷனைச் சேமித்து மற்ற டெஸ்டுகளுக்குப் பயன்படுத்தினோம். லாகினையே சோதிக்கிற டெஸ்டுகள் தனியாக ஓடுகின்றன.

* * *

டெவலப்பர்களைத் திட்டியாகிவிட்டது, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன், ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். லோட் பேலன்சரில் எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) முடிந்துவிடும், உள்ளே என் சர்வருக்கு வெறும் எச்டிடிபிதான் வரும். வெளியே எப்படி வந்தது என்பதை எக்ஸ் ஃபார்வேர்டட் புரோட்டோ ஹெடரில்தான் பார்க்க வேண்டும். என் கோட் அதைப் பார்க்கவில்லை. அதனால் திரும்பி வரவேண்டிய முகவரியை எச்டிடிபி என்று சொல்லி அனுப்பியது. அடையாளச் சர்வரில் பதிந்திருந்தது எச்டிடிபிஎஸ். ஓர் எழுத்து மாறினாலும் ஏற்காது. என் கணினியில் லோட் பேலன்சர் கிடையாது, அங்கே எல்லாம் ஓடியது. "எனக்கு வேலை செய்கிறதே" என்று இரண்டு நாள் டெஸ்டரிடம் வாதாடினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எச்டிடிபி முகவரியையும் சேர்த்துப் பதிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், ஹெடரைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

* * *

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எழுதலாமா என்று தயங்கினேன்.

சேர்ந்த முதல் வாரம் எனக்கு மட்டும் லாகின் ஆகவில்லை. மற்ற எல்லாருக்கும் ஆனது. அதனால் தப்பு என்னுடையதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினேன். "இது கூடத் தெரியாதா" என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

மூன்றாம் நாள் பக்கத்து இருக்கை அக்கா கவனித்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைப் பார்க்கச் சொன்னார். "இங்க பாரு, 403. 401 வந்திருந்தா நீ யாருன்னே அதுக்குத் தெரியலைன்னு அர்த்தம். 403-ன்னா உன்னை நல்லாத் தெரியுது, உள்ள விட அனுமதி இல்லைங்குது. உன் பாஸ்வேர்டு முதல் நாள்ல இருந்தே சரிதாம்மா" என்றார். டெஸ்ட் என்விரான்மென்ட்டில் அனுமதி தரும் குரூப்பின் பெயர் வேறாம். புரொடக்‌ஷன் குரூப்பில் மட்டும் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஒரு டிக்கெட், அரை மணி நேரம், முடிந்தது.

லாகின் பக்கம் வெளியே காட்டியது "உள்நுழைய முடியவில்லை" என்று மட்டும். 401-ஐயும் 403-ஐயும் டெஸ்ட் என்விரான்மென்ட்டிலாவது பிரித்துக் காட்டினால், என்னைப் போலப் புதிதாக வருகிறவர்கள் இரண்டு நாள் பயந்துகொண்டு இருக்க வேண்டியதில்லை.

* * *

முதலில் எழுதிய நான்தான். எட்டு மாதம் என்று தயங்கியவருக்கு: நீங்கள் எழுதியதை அப்படியே எங்கள் டெவலப்பர்களுக்குக் காட்டினேன். டெஸ்ட்டில் இரண்டு செய்தியையும் பிரித்துக் காட்ட ஒத்துக்கொண்டார்கள்.

நெட்வொர்க் டேபைப் பற்றி இரண்டு பேர் எழுதியதால் ஒரு எச்சரிக்கை. அதிலிருந்து எடுக்கிற ஹார் ஃபைலை (எல்லா ரிக்வெஸ்ட்டும் பதிவான ஃபைல்) டிக்கெட்டில் இணைக்கும் முன் குக்கீயும் டோக்கனும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஃபைல் யார் கைக்குக் கிடைத்தாலும், செஷன் உயிரோடு இருக்கும்வரை உங்கள் பெயரில் அவர் உள்ளே போகலாம். அழித்துவிட்டு அனுப்புங்கள்.

ரெஃப்ரெஷுக்குப் பிறகு ஓடும் ஸ்கிரிப்டில் டெஸ்டர்களின் மெயில் முகவரி, பாஸ்வேர்டு, சாம்ல் டேபிள், குரூப் பெயர் நான்கையும் சேர்த்துவிட்டோம். திரும்பி வரும் முகவரியில் 'டெஸ்ட்' என்ற சொல் இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், லாகின் பக்கமே திறக்காது. கடிகாரச் சோதனையும் வந்துவிட்டது. அதற்கு மேலே எழுதியவருக்கு நன்றி. அடுத்த ரெஃப்ரெஷ் வரைக்கும் காத்திருக்க மனமில்லாமல், சனிக்கிழமை ராத்திரி ஒத்திகையாக ஒன்றை ஓட்டினோம். இன்று காலை 9.10-க்குள் ஆறு பேர் உள்ளே இருந்தோம். ஏழாவது நபருக்கு மட்டும் லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வந்தது. குக்கீ வரியைத் திறந்து பார்த்தோம், ஒரே பெயரில் இரண்டு.