பானிபட்டில் 700: வண்டியா, பீரங்கியா?

கரிசல்: 1526 பானிபட் போரில், டெல்லி சுல்தான் இப்ராஹிம் லோடியை எதிர்த்த பாபரிடம் 700 பீரங்கி இருந்ததாக நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். பாபரே எழுதிய தன்வரலாறான பாபர்நாமாவைத் திறந்தாவது பார்த்தாரா? 700 என்று அதில் வருவது வண்டி. படையினர் அவரவர் சக்திக்கேற்பக் கொண்டுவந்த வண்டி.

பொருநை72: எழுதியவன் நான்தான். பீரங்கியை வண்டியில்தானே ஏற்றுவார்கள்? 700 வண்டி என்றால் 700 பீரங்கி.

கரிசல்: தப்பு. ஒட்டோமான் துருக்கியர் முறையில் அந்த வண்டிகளைப் பிணைத்தார்கள். சங்கிலிக்குப் பதில் பச்சைத்தோல் கயிறு. இரண்டு வண்டிக்கு நடுவே ஐந்தாறு தடுப்புப் பலகை. அதன் மறைவில் துப்பாக்கிக்காரர்கள். அது மதில், பீரங்கி அல்ல. அதே ஆண்டு ஆக்ராவில் பாபரின் பீரங்கி வல்லுநர் உஸ்தாத் அலி குலி ஒரே ஒரு பெரிய பீரங்கி வார்க்க 8 உலை மூட்டினார். அச்சு நிரம்பும் முன்பே உலோகம் நின்றுவிட்டது. 700 எங்கிருந்து வரும்?

பொருநை72: ஆக்ரா கதை போருக்குப் பிறகு. பானிபட்டில் நடுப்படைக்கு முன்னால் அலி குலி, இடப்புறம் இன்னொரு பீரங்கிக்காரர் முஸ்தபா, இருவரும் சுட்டதை பாபரே எழுதுகிறார். இதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

மணிமுத்தாறு: 1 லட்சம் பேர், 1,000 யானை என்று லோடி படையைப் பெருக்கியவரும் அதே பாபர்தான். தன் படை என்று அவர் சொல்லும் 12,000கூட சிந்து நதியைக் கடக்கும்போது வேலையாளையும் வணிகரையும் சேர்த்து எண்ணியது. 700 மட்டும் கல்வெட்டா? அத்தனை வண்டியும் பலகையோடு வரிசையாக நின்றால் எத்தனை மைல் நீளும்?

கரிசல்: எண்ணிக்கை குறைந்தாலும் வண்டி வண்டிதான். வலப்புறம் பானிபட் ஊர், இடப்புறம் அகழியும் வெட்டிப்போட்ட மரக்கிளையும். வரிசையில் அங்கங்கே 100, 150 குதிரை வெளியே பாய இடைவெளி. வேகமாக வந்த லோடி படை தடுப்பைக் கண்டு தயங்கியது, பின்னால் வந்தவர்கள் வந்து முட்டினார்கள். அப்போது இரு ஓரத்திலிருந்தும் துலுக்மா குதிரைப்படை, அதாவது எதிரியைப் பக்கவாட்டில் வளைக்க நிறுத்திய படை, சுற்றிப் போய் முதுகில் அம்பு பொழிந்தது. முன்னேறவும் முடியவில்லை, ஓடவும் வழியில்லை. நண்பகலுக்குள் முடிந்தது.

பொருநை72: பீரங்கி இடித்ததால்தான் தயங்கினார்கள்.

கரிசல்: 1528-இல் கங்கைக் கரையில் அதே அலி குலியின் பெரிய பீரங்கி முதல் நாள் சுட்டது 8 முறை. அதைவிடப் பெரியது முதல் வெடியிலேயே சிதறியது. அந்த வேகத்தில் ஒரு காலைப்பொழுதில் எதை இடிப்பது?

பொருநை72: பெரிய பீரங்கியைக் காட்டி மழுப்பாதீர்கள். சின்ன பீரங்கிகள் இருந்தன. 700.

மணிமுத்தாறு: வரிசையின் நீளம் கேட்டேன். கரிசல் இன்னும் சொல்லவில்லை.